கம்பியைக் கடிக்காதீர்

பொதுப் பாதுகாப்பு இயக்ககத்தில் இதுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. மாடிப்படியில் உருண்டு கால் உடைந்தவர்கள் உண்டு. மின்விசிறி ஒன்று கழன்று வந்து கண்காணிப்பாளரின் மேசையில் உட்கார்ந்ததும் உண்டு. ஆனால் அவையெல்லாம் விபத்து ஆகா. விபத்து என்றால் இயக்ககம் அதை விபத்து என்று அறிவிக்க வேண்டும். இயக்ககம் அறிவித்ததில்லை, ஆகவே நடந்ததில்லை.

தொழிற்சாலைக்காரர்களுக்கும் பள்ளிக்கூடக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று சொல்லிக் கொடுப்பதுதான் இந்த இயக்ககத்தின் வேலை. சொல்லிக் கொடுக்கிறவர்கள் முதலில் தாங்கள் செய்து காட்ட வேண்டாமா? செய்தார்கள். தினமும் காலையில் நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி எடுத்தார்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை அபாய மணி அடித்து ஒத்திகை நடத்தினார்கள். மணி அடித்ததும் எல்லோரும் வரிசையாக இறங்கி மைதானத்துக்குப் போக வேண்டும். அங்கே இயக்குநர் உரையாற்றுவார். அவர் வாயால் "அபாயம் நீங்கியது" என்று சொல்லும்வரை ஒருவரும் உள்ளே திரும்பக் கூடாது. உரையின் கடைசியில்தான் அதைச் சொல்வார். கடைசி எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது. ஒருமுறை உரை தொடங்கும்போது பணியில் இருந்த ஒருவர் முடியும்போது ஓய்வு பெற்றுவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அது மிகை. அவருக்கு அப்போது இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது.

இன்னொரு மரபும் உண்டு. கீழ்த்தளத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம். பிள்ளைகள் தவழ்ந்து வெளியே வந்துவிடாதபடி அதன் வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கம்பி கேட். பதவியேற்கும் ஒவ்வோர் இயக்குநரும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கையில் பிரஷ் பிடித்து, தமக்குப் பிடித்த நிறத்தை அந்தக் கேட்டுக்குப் பூச வேண்டும். பூசியது சில மாதங்களில் உரியத் தொடங்கும். "துரு ஏறுது" என்பார்கள். அதற்கு மேலேயே மறுபடி பூசுவார்கள். பெயிண்ட் டின்கள் எந்தக் காலத்திலோ மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கிப் போட்டவை. இருப்பு தீராமல் புதிது வாங்கக் கூடாது என்பது விதி. இருப்போ தீருவதாக இல்லை. விரல் தடிமனில் இருந்த கம்பிகள் பூச்சு மேல் பூச்சு ஏறி, இப்போது குழந்தையின் மணிக்கட்டு அளவுக்கு வீங்கியிருந்தன.

இயக்ககத்தின் தபால் பிரிவில் ஒரு குமாஸ்தா இருந்தார். வருகிற கடிதத்தில் சிவப்பு முத்திரையும் போகிற கடிதத்தில் நீல முத்திரையும் குத்துவது அவர் வேலை. இருக்கிற இடம் தெரியாத மனிதர். நாற்காலி ஆடினால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்து உட்காருவார். அவருக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. வீட்டில் அவளை எலி என்று கூப்பிட்டார்கள். பல் முளைத்த நாளிலிருந்து எதிரில் கண்டதையெல்லாம் கொறித்துப் பார்த்தால் வேறு எப்படிக் கூப்பிடுவது? காப்பகத்தில் பகல் முழுக்க அவள் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்பா மாடியில் இருந்து எப்போது இறங்குவார் என்று பார்ப்பதற்கு அதுதான் வசதியான இடம்.

எலி சோறு உண்ண மறுத்தாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இரத்தத்துல காரீயம் ஏறியிருக்கு. இப்பக் கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு. ஆனா இதுக்கு மேல ஒரு துளி உள்ள போகக் கூடாது. மூளை வளர்ற வயசு."

"எங்கிருந்து டாக்டர் வருது?" என்றாள் குமாஸ்தாவின் மனைவி.

"பழைய பெயிண்ட்தான் பெரும்பாலும். எதையாவது கடிக்கிறாளா?"

மனைவி குழந்தையின் கவுன் பாக்கெட்டில் கைவிட்டாள். மாம்பழ மஞ்சளில் சில சில்லுகள் வந்தன. இத்தனை நாள் அதை ஏதோ வண்ணப் பென்சில் துண்டு என்று நினைத்துத் துவைக்கும்போது உதறிக்கொண்டிருந்தாள். இப்போது அதை ஒவ்வொன்றாக டாக்டரின் மேசையில் எடுத்து வைத்தாள். குமாஸ்தாவுக்கு அந்த மஞ்சளைத் தெரியும். தற்போதைய இயக்குநரின் மஞ்சள் அது.

"அதை எடுத்துடணும்," என்றார் டாக்டர். "அதுக்காக உப்புத்தாள் போட்டு வறவறன்னு தேய்ச்சிடாதீங்க. தூசி பறக்கும். கடிக்கிறதைவிட அது மோசம். நெருப்புல சுட்டு உரிக்கவும் கூடாது, புகையில காரீயம் வரும். கீழ பிளாஸ்டிக் விரிச்சு, நனைச்சு நனைச்சுச் சுரண்டணும். மூக்குக்கு நல்ல மாஸ்க் போடணும். குழந்தைங்க அந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது. சுரண்டினதை ஈரத்தோட மூட்டை கட்டணும். தரையை ஈரத்துணியால துடைக்கணும். வேலை முடிஞ்சதும் கை கழுவி, சட்டை மாத்தி, அப்புறம்தான் புள்ளையைத் தூக்கணும்."

குமாஸ்தாவுக்கு இதில் பாதி மறந்துபோயிற்று. அவர் மனைவிக்கு ஓர் எழுத்துக்கூட மறக்கவில்லை. அவள் ஒரு துணிக்கடையில் தையல் வேலை செய்கிறவள். அளவு ஒருமுறை கேட்டால் போதும்.

மறுநாள் எலியைத் தன்னுடன் துணிக்கடைக்குக் கூட்டிப் போனாள். மதியத்துக்குள் குழந்தையின் வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுக்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் கைகூப்பினார். வேறு வழியில்லை, மறுபடி காப்பகம்தான்.

"ஏங்க, உங்க ஆபீசே பாதுகாப்பு ஆபீஸ். போய் ஒரு வார்த்தை சொன்னா ஓடி வர மாட்டாங்களா?" என்றாள்.

குமாஸ்தாவும் அப்படித்தான் நம்பினார்.

பாதுகாப்பு அதிகாரியின் தலையில் எப்போதும் தலைக்கவசம் இருக்கும், அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போதும்தான். அந்த அறையின் கூரை பத்திரமானது என்று சான்றளித்தவரும் அவரே.

"சார், காப்பகத்துக் கேட்ல பெயிண்ட் உரியுது. அதுல காரீயம் இருக்காம். எம் பொண்ணு கடிச்சுக் கடிச்சு, இரத்தத்துல ஏறியிருச்சு."

"எந்தக் காப்பகம்?"

"நம்ம காப்பகம்தான் சார், கீழ."

அதிகாரி சிரித்தார். "நம்ம கட்டடத்துல ஆபத்துங்கிறது இருக்கவே முடியாது. இருந்தா முதல்ல எனக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல. அப்போ என்ன அர்த்தம்?"

"உங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம் சார்," என்றார் குமாஸ்தா. குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அதிகாரி தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். "சரி, முறையாப் போவோம். உங்க பொண்ணு கேட்டைக் கடிச்சாளா, கேட் உங்க பொண்ணைக் கடிச்சதா?"

"பொண்ணுதான் சார் கடிச்சா."

"அப்போ யாரால யாருக்கு ஆபத்து?"

குமாஸ்தாவுக்குத் தலை சுற்றியது. பாக்கெட்டில் போட்டுக் கொண்டுவந்திருந்த மஞ்சள் சில்லை எடுத்து மேசையில் வைத்தார். அதிகாரி அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் இளகியது.

"இந்த மஞ்சள் இப்ப இருக்கிற டைரக்டர். அடியில பச்சை, அது போன டைரக்டர். அதுக்கும் கீழ பாருங்க, ஊதா." குரல் தழுதழுத்தது. "எனக்குப் பதவி உயர்வு கொடுத்த மகராசன் அந்த ஊதா. அவரைப் போய்ச் சுரண்டச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசு வருமா?"

ஆனாலும் நடவடிக்கை எடுக்காமல் விடுகிறவர் அல்லர் அவர். அன்று மாலையே காப்பகத்துக் கேட்டில் ஓர் அறிவிப்புப் பலகை ஏறியது. "கம்பியைக் கடிக்காதீர். மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்." கடிக்கிறவர்களின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மாட்டினார்கள். எலி மறுநாள் அந்தப் பலகையின் ஒரு மூலையைக் கடித்தாள்.

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க சார்," என்று காப்பகத்து ஆயா மெல்லச் சொன்னாள்.

அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார். குறையை ஒப்புக்கொள்வதில் இயக்ககம் என்றுமே பின்வாங்கியதில்லை, அது எதிராளியின் குறையாக இருக்கும் பட்சத்தில். எழுத்துக்குப் பதில் படம் வந்தது. கொழுகொழுவென்று ஒரு குழந்தை கம்பியைக் கடிக்கிறது. மேலே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. நல்ல ஓவியர் வரைந்தது. குழந்தை அவ்வளவு ஆனந்தமாகக் கடித்தது. அதுவரை காப்பகத்தில் கம்பி கடிக்கிறவள் எலி ஒருத்திதான். படம் வந்த வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நின்று கடித்தார்கள்.

பிறகு பிள்ளைகளுக்கு ஒரு விழிப்புணர்வு முகாம் நடந்தது. அதிகாரி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து உறுதிமொழி சொல்லிக் கொடுத்தார். "கம்பியை நான் கடிக்க மாட்டேன்" என்று அவர் சொல்ல, பிள்ளைகள் தங்களுக்கு வாய்த்த சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு "கடி, கடி" என்று கத்தினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒருவன் சொல்லோடு நிறுத்தவில்லை. அதிகாரி விரலில் கட்டுடன் மாடியேறினார். இதுவும் விபத்தில் சேரவில்லை.

குமாஸ்தாவின் மனைவி இதற்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. ஒரு பழைய படுக்கை விரிப்பை இரண்டாக மடித்துத் தைத்துக் கொண்டுவந்து கேட்டைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனாள். மதியத்துக்குள் அது அவிழ்க்கப்பட்டது. துணி தீப்பிடிக்கும் பொருள். தவிர, இயக்குநரின் நிறத்தை மறைக்கிறது.

அன்று மாலை எலி மீண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குமாஸ்தா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். மனைவி மறுநாள் காப்பகத்துக்கு வேண்டிய பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பைதான் அவரை அறுத்தது. பெற்ற பிள்ளையைத் தானே தினமும் காலையில் கொண்டுபோய் விஷத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வருகிறோம் என்று நினைக்கும்போது அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் தபால்களை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் நல்ல ஆகிருதி. லிஃப்டில் அவர் ஏறினால் மற்றவர்கள் மரியாதை கருதிப் படியில் போவார்கள். பொறுப்பேற்றதும் அவர் போட்ட முதல் ஆணை, கட்டடத்தில் உள்ள முகம் பார்க்கும் கண்ணாடிகளை எல்லாம் அகற்ற வேண்டும் என்பது. கண்ணாடி உடைந்தால் ஆபத்தாம். உண்மைக் காரணம் கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

குமாஸ்தா பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுக்கும்போது அந்தச் சில்லு மேசையில் விழுந்தது.

"என்னய்யா இது?"

"கேட் பெயிண்ட் சார். உரியுது. எம் பொண்ணு..."

"மஞ்சள் என்னோடது. இந்தப் பச்சை யாரோடது?"

"போன டைரக்டரோடது சார். எம் பொண்ணு அதைக் கடிச்சு..."

"என் மஞ்சளுக்கு அடியில அவரா இருக்கார்?" இயக்குநர் எழுந்தே விட்டார். "அப்போ உரியற இடத்துல எல்லாம் அந்த ஆள்தான் தெரியறாரா?"

"ஆமா சார், நிறைய இடத்துல தெரியறார்."

"சுரண்டுங்க," என்றார் இயக்குநர். "அடிவரைக்கும் சுரண்டுங்க. ஒருத்தர் மிச்சம் இருக்கக் கூடாது. அப்புறம் நான் புதுசாப் பூசறேன்."

குழந்தையின் இரத்தத்துக்கு அசையாத கோப்பு ஒரு பச்சைப் பொட்டுக்கு அசைந்தது. குமாஸ்தாவுக்குக் காரணம் எதுவானாலும் சரி, காரியம் நடந்தால் போதும். அதிகாரிக்குத்தான் சங்கடம். பெயிண்டில் காரீயம் என்று எழுதினால் ஆபத்து இருந்ததாக ஆகிவிடும். பச்சை என்று எழுதினால் முன்னாள் இயக்குநரைப் பகைத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

"காரணம் ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்," என்று யோசித்து, கடைசியில் "கேட்டின் பொலிவைக் கூட்டும் பொருட்டு" என்று எழுதினார்.

பெயிண்டர் வந்தார். கேட்டை ஒரு பார்வை பார்த்தார். "ப்ளோ லாம்ப் வச்சு நெருப்பைக் காட்டினா அரை நாள்ல உரிச்சு எறிஞ்சிடலாம். நான் எத்தனை பார்த்திருக்கேன்!"

சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்த குமாஸ்தாவின் மனைவி, "நெருப்பு கூடாது," என்றாள். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். பெயிண்டருக்கு முகம் மாறியது. தாம் இத்தனை வருஷம் மூச்சோடு இழுத்ததை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "சரிம்மா, நீங்க சொல்றபடியே செய்யறேன். பெயிண்டை இளக்கற பசை ஒண்ணு இருக்கு, தடவி நனைச்சுச் சுரண்டலாம்," என்று இறங்கி வந்தார்.

இறங்கி வராதவர் அதிகாரிதான்.

"தண்ணியா? ஈரத் தரையில யாராவது வழுக்கி விழுந்தா? கூடாது. பிளாஸ்டிக் விரிப்புல கால் தடுக்கும், அதுவும் கூடாது. மாஸ்க் போட்டா ஆள் யாருன்னு காவலாளிக்குத் தெரியாது. பசை ரசாயனம். ரசாயனம்னாலே ஆபத்து."

"அப்போ எப்படி சார்?" என்றார் குமாஸ்தா.

"உப்புத்தாள் சுத்தற மெஷின் இருக்கே. உலர்ந்த வேலை, சுத்தமான வேலை."

"தூசி பறக்குமே சார்!"

"பறக்கட்டுமே. தூசி வழுக்குமா?"

"ஞாயித்துக்கிழமை ஆள் இல்லாதப்ப வந்து முடிச்சிடறோமே," என்றார் பெயிண்டர்.

"மேற்பார்வை இல்லாம வேலை நடக்கறது பாதுகாப்பு இல்ல. ஞாயித்துக்கிழமை மேற்பார்வைக்கு வரச் சொன்னா எங்களுக்கு விடுமுறை என்னாகறது?"

"குழந்தைங்களையாவது அன்னைக்கு வேற எங்கயாவது..." என்றாள் மனைவி.

"அதெப்படிம்மா? அவங்களுக்காகத்தானே செய்யறோம்? விழாவுல முன் வரிசையே அவங்கதான்."

ஆமாம், விழா. பெயிண்ட் எடுக்கும் பணியின் துவக்க விழா. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நாள் குறித்தார்கள்.

அன்று கேட்டுக்கு ரிப்பன் கட்டியிருந்தது. பிள்ளைகளை அதன் முன்னால் வரிசையாக உட்கார வைத்து, கையில் ஆளுக்கொரு காகிதக் கொடி கொடுத்திருந்தார்கள். பின்னால் இயக்ககம் முழுவதும் நின்றது. அதிகாரி தலைக்கவசத்துக்குப் புதுத் துணி உறை போட்டிருந்தார். கடைசி நேரத்திலாவது டாக்டர் சொன்னபடி செய்யச் சம்மதிப்பார்களோ என்று மனைவி ஒரு பெரிய பையோடு வந்து சுவரோரமாக நின்றாள். இல்லாவிட்டால் எலியை மட்டுமாவது தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று வந்தவளைக் காவலாளி வரிசைக்குள் விடவில்லை. குழந்தைகள் எண்ணிக்கை குறைந்தால் அவருக்குத்தான் கேள்வி வருமாம்.

இயக்குநர் ரிப்பனை வெட்டினார். மெஷினைக் கையில் வாங்கினார். ஒருமுறை சுற்றவிட்டுப் பார்த்தார். அது வீறிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். முன் வரிசையில் எலி வாயைப் பிளந்துகொண்டு, கேட்டுக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் திறந்த வாயைக் குமாஸ்தா பார்த்தார். அவருக்கு வீரம் ஒன்றும் வரவில்லை.  பக்கத்துச் சுவரில் அபாய மணியின் சிவப்புப் பொத்தான் இருந்தது. இருக்கிற இடம் தெரியாத மனிதர் கையை நீட்டியதும் யாருக்கும் தெரியவில்லை. அழுத்தினார்.

மணி அலறியது.

பழக்கம் என்பது பெரிய விஷயம். ஒரு நிமிடத்தில் இயக்ககம் வரிசையாகிவிட்டது. இயக்குநர் மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டு முதலில் நடந்தார். ஊழியர்கள் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், எலியை ஆயா இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "அக்கா, மைதானத்துல தூரமா, அந்தக் கடைசிச் சுவர்கிட்ட நில்லுங்க," என்றாள் மனைவி. மெஷினைக் கொண்டுவந்திருந்த பெயிண்டரும் கூட்டத்தோடு வரிசையில் சேரப் போனார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

மைதானத்தில் குழப்பம்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே! முதல் புதன் இல்லையே?" என்றார் ஒருவர்.

"அப்போ இது ஒத்திகை இல்லையா?"

"ஒத்திகை இல்லைன்னா நிஜமா?"

எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது. "நிஜத்துக்கு நம்மகிட்ட நடைமுறை கிடையாது சார்," என்று இயக்குநரின் காதில் சொன்னார். "நாம எப்பவும் ஒத்திகைதானே பார்த்திருக்கோம்?"

"அப்போ ஒத்திகையாவே வச்சுக்குவோம்," என்றார் இயக்குநர். மைக் வந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாதுகாப்பு என்பது என்ன? நான் இந்த நாற்காலியில் பாதுகாப்பாக இருப்பதால்தான் நீங்கள் உங்கள் நாற்காலியில் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். நம் இயக்ககத்தில் ஒரு குழந்தைக்கேனும் தீங்கு நேர்ந்ததாக ஒரு காகிதம் உண்டா? கிடையாது. அப்படி ஒரு காகிதம் வந்தால், அதை வர விடாமல் தடுக்க முப்பது பேர் இரவு பகலாக இங்கே உழைக்கிறார்கள்..."

கைதட்டல் ஜன்னல் வழியாகக் காப்பகம்வரை கேட்டது. உள்ளே மனைவி பையைத் திறந்தாள். துணிக்கடையில் துணி வெட்டும் மேசைக்குப் போடும் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு, தண்ணீர் தெளிக்கும் புட்டி, மூன்று மாஸ்க், கையுறைகள், தடித்த பைகள், மாற்றுச் சட்டை. காப்பகத்து ஜன்னலையும் உள் கதவையும் சாத்திவிட்டு, விரிப்பைக் கேட்டின் அடியில் பரப்பி ஓரங்களை ஒட்டினாள். பெயிண்டர் தம் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த பசையைத் தடவினார். தடவிய இடம் இளகிக் கொப்புளித்தது. குமாஸ்தா தண்ணீர் தெளிக்க, பெயிண்டர் தகட்டால் வழித்தார். மஞ்சள் போயிற்று. பச்சை வந்தது, போயிற்று. அதிகாரியின் ஊதா மகராசனும் ஈரமாகச் சுருண்டு விரிப்பில் விழுந்தார். ஒரு பொட்டுத் தூசி எழவில்லை.

"இன்னும் பேசறாரா?" என்றார் பெயிண்டர் மாஸ்க்குக்குள்ளிருந்து.

"இப்பதான் தன்னோட பள்ளிக்கூட நாளுக்கு வந்திருக்கார்," என்றார் குமாஸ்தா. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த உரை நீள வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

கடைசிப் பூச்சும் வழிந்தபோது பெயிண்டரின் கை நின்றுவிட்டது. ஈரத்துணியால் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"அம்மா, இது இரும்பே இல்ல. எவர்சில்வர்!"

மூவரும் கேட்டைப் பார்த்தார்கள். கழுவிக் கவிழ்த்த டம்ளரைப் போல் அது பளபளத்தது. துரு ஒரு புள்ளி இல்லை. அது துருப் பிடிக்கிற சாதியே இல்லை.

"எவர்சில்வர்ல பெயிண்ட் எங்க ஒட்டும்? அதான் உரிஞ்சு உரிஞ்சு விழுந்திருக்கு," என்ற பெயிண்டர் தலையில் கைவைத்துக்கொள்ளப் போய், கையுறையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அடக் கடவுளே, போன டைரக்டருக்கு ரெண்டாவது கோட்டு நான்தான் அடிச்சேன். எனக்கே தெரியலையே!"

உரிகிறது, அதனால் துரு என்றார்கள். துரு, அதனால் பூசினார்கள். பூசியது ஒட்டாமல் உரிந்தது. ஒரு பெயிண்டும் தேவைப்படாத கேட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூசிய விஷத்தைத்தான் தன் பிள்ளை தின்றிருக்கிறாள் என்று குமாஸ்தாவுக்கு விளங்கியபோது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுரண்டியதை ஈரத்தோடு பையில் போட்டு, இன்னொரு பையில் இட்டு இறுக்கிக் கட்டினார்கள். தரையை இரண்டு முறை துடைத்தார்கள்.

"அபாயம் நீங்கியது!" என்ற குரல் மைதானத்திலிருந்து வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பசியில் தள்ளாடிக்கொண்டு இயக்ககம் உள்ளே நுழைந்தது. ஆயாவின் இடுப்பில் இருந்து எலி அப்பாவிடம் தாவினாள். அவரும் கையை நீட்டிவிட்டார்.

"கையைக் கழுவுங்க," என்றாள் மனைவி. "சட்டையை மாத்துங்க. அப்புறம் தூக்குங்க."

அவர் ஓடிப்போய் முழங்கை வரை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து எலியை வாங்கினார். இறுக்கி அணைத்ததில் அவள் திமிறினாள்.

அதற்குள் கேட்டின் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. அதிகாரி அதைக் கண்டு ஓரடி பின்வாங்கினார். "என்ன இது, அம்மணமா நிக்குது? உடனே பூசணும்! டின்னை எடுங்க!"

"சார், இது எவர்சில்வர். பூசவே வேண்டாம்," என்றார் குமாஸ்தா. அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"வேண்டாம்னா இத்தனை டைரக்டருங்க எதுக்குப் பூசினாங்க? அவங்க எல்லாம் முட்டாள்களா?"

இந்தக் கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் பதில் தெரியும்.  அதே பழைய இருப்பிலிருந்து டின் வந்தது. மூடியை நெம்பித் திறந்தார்கள். மாம்பழ மஞ்சளில் பிரஷ்ஷை முக்கி இயக்குநர் கையில் கொடுத்தார்கள். மனைவி குமாஸ்தாவின் முழங்கையைப் பற்றினாள். அவள் நகம் பதிந்தது.

இயக்குநர் குனிந்தார். பிரஷ் கம்பிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

"யார் இது?" என்றார்.

"எது சார்?"

"இந்தக் கம்பியில... ஒல்லியா... ஒருத்தர்."

"நீங்கதான் சார்," என்றார் குமாஸ்தா.

இயக்குநர் அடுத்த கம்பியைப் பார்த்தார். அதிலும் ஒரு மெலிந்த, உயரமான, எடுப்பான மனிதர் கையில் பிரஷ்ஷுடன் நின்றார். அதற்கடுத்த கம்பியிலும் நின்றார். உருண்டைக் கம்பி எவரையும் இளைக்க வைத்துத்தான் காட்டும் என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. இயக்குநர் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார். கம்பிகளில் வயிறே இல்லை. பிரஷ்ஷிலிருந்து மஞ்சள் சொட்டி அவர் ஷூவில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"பூச வேண்டாம்," என்றார் மெதுவாக. "இப்படியே இருக்கட்டும். இந்தக் கேட் இருக்கிற வரைக்கும் இது மேல யாரும் பெயிண்ட் அடிக்கக் கூடாது. ஆணை போடுங்க. அந்த டின்னையெல்லாம் மூடி, ஆபத்தான கழிவுன்னு எழுதி அனுப்பிடுங்க."

"ஆபத்துன்னு எழுதலாமா சார்?" என்றார் அதிகாரி.

"என்னை மறைக்கிறது ஆபத்து இல்லாம வேற என்ன?"

மணியை யார் அழுத்தினார்கள் என்று விசாரணை நடந்தது. ஒத்திகை மிகச் சிறப்பாக நடந்ததாக ஏற்கனவே மேலிடத்துக்கு எழுதிவிட்டபடியால், மணி தானாகவே அடித்துக்கொண்டது என்று முடிவாயிற்று. இயக்குநர் தினமும் காலையில் தம் அறைக்குப் போவதற்கு முன் காப்பகத்து வாசலில் நின்று தலை வாரிக்கொள்கிறார். உள்பக்கத்தில் எலி அதே கம்பிகளைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள். கடிப்பதில்லை. கடித்தால் எதிரில் இருக்கிறவளும் கடிக்கிறாள், அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் முடிவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்லா இறங்கியிருக்கு. இப்படியே போனா கவலையில்ல. அந்த ஆபீஸ்ல மறுபடி பெயிண்ட் அடிக்க மாட்டாங்களே?"

"இப்போதைக்கு மாட்டாங்க டாக்டர்," என்றாள் மனைவி. "அந்தக் கம்பியில பார்த்தா டைரக்டர் ஒல்லியாத் தெரியறாரு."

டாக்டர் முடிவை உறையில் போட்டுக் கொடுத்தார்.

"அவர் நிஜமா இளைச்சிடாமப் பார்த்துக்குங்க," என்றார்.

மறுநாளிலிருந்து இயக்குநரின் அறைக்குப் போகிற தேநீரில் குமாஸ்தா யாருக்கும் தெரியாமல் இரண்டு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போடுகிறார்.